புதுக் குழாய் ஏன் முதலில் ஓட்டையாகிறது?

"போன வருஷம் வாங்கிய குழாய் ஓட்டை, இருபது வருஷப் பழைய குழாய் அப்படியே இருக்கிறது, உங்கள் சரக்கு மட்டம்" என்று வாடிக்கையாளர் சத்தம் போடுவதை இரும்பு வியாபாரம் செய்யும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பல சமயம் குற்றம் சரக்கில் இல்லை, சேர்த்த விதத்தில் இருக்கிறது.

இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் அங்கே ஒரு சிறு பாட்டரி உண்டாகிறது. துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்ற வரிசையில் முன்னால் உள்ளது கரையும், பின்னால் உள்ளது பிழைக்கும். தண்ணீரில் உப்பு கூடினால் வேகமும் கூடும். துருவேறிய பழைய இரும்புகூடப் புது இரும்புக்குப் பின்வரிசைதான். ஆகவே பழைய லைனில் ஒட்டுப் போட்ட புதுத் துண்டு முதலில் போகிறது.

எண்ணெய்க் கிணறுகளில் இந்தத் தொல்லை அதிகம். எண்ணெயோடு உப்புநீரும் கரியமில வாயுவும் சேர்ந்து வரும். குழாய் ஓர் உலோகம், வால்வு வேறு உலோகம், வெல்டிங் இன்னொன்று. நம் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் 30.6.2017 அன்று ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து எண்ணெய் வயலில் பரவியதை மறந்திருக்க மாட்டோம். அதற்கு இரு உலோகச் சேர்க்கைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் குழாய் அரித்தால் நஷ்டம் குழாய்க்காரரோடு நிற்பதில்லை, நெல் விளைகிற மண்ணுக்கும் வருகிறது என்பதை அன்று கண்டோம்.

எண்ணெய்த் துறையில் இதற்குப் பரிகாரம் உண்டு. வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாயாத கேஸ்கட் வைக்கிறார்கள். குழாயின் பக்கத்தில் மக்னீசியக் கட்டியைப் புதைத்துக் கம்பியால் இணைக்கிறார்கள். கட்டி கரையும், குழாய் நிற்கும். ஜி.ஐ. குழாய்மேல் உள்ள துத்தநாகப் பூச்சும் இரும்புக்காக இப்படித்தான் தேய்கிறது.

நம் கடைகளில் கவனிக்க வேண்டியவை:

எவர்சில்வர், செம்புச் சாமான்களுக்குச் சாதா இரும்பு போல்ட்டு, நிப்பிள் கொடுக்கக் கூடாது. பெரிய செம்புப் பரப்பில் சிறிய இரும்பு சீக்கிரம் கரைந்துவிடும்.

வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷர் மட்டும் போதாது. போல்ட்டும் மரையும் இரண்டையும் தொட்டால் மின்சாரம் பாயும். நடுவில் பிளாஸ்டிக் இணைப்பு கொடுப்பது நல்லது.

பெயிண்ட் அடித்தால் இரண்டுக்கும் அடிக்கச் சொல்ல வேண்டும். இரும்புக்கு மட்டும் அடித்தால், பெயிண்ட் கீறிய இடத்தில் அரிப்பு முழுவதும் குவிந்து ஓட்டை விழும்.

பில் போடும்போதே இதைச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்குப் பணம் மிச்சம், நமக்குப் பெயர் மிச்சம்.