யாரிடம் முதலில் சொல்வாய்?

சேலம், நாமக்கல் பக்கத்து வகுப்பறை ஒன்றில் நாலைந்து வீட்டுமொழிகள் இருப்பது நமக்குப் புதிதல்ல. நெசவாளர் வீடுகளின் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம். கோழிப்பண்ணை வேலைக்கு வந்தவர்களின் ஒடியா, இந்தி. விடுதியில் தங்கிப் படிக்கும் கொல்லிமலைப் பிள்ளைகளின் மலைத்தமிழ். ‘மாணவரையே தேர்வு செய்ய விடுங்கள், தன்னம்பிக்கை வளரும்’ என்று பயிற்சிகளில் கேட்டிருக்கிறோம். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பலிக்கிறதா?

அமெரிக்காவின் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் எழுத்துப் புதிர்கள் தரப்பட்டன. சிலர் தாங்களே புதிரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு ஆய்வாளர் தேர்ந்தெடுத்தார். சிலரிடம் ‘இது உன் அம்மா தேர்ந்தெடுத்தது’ என்று சொல்லப்பட்டது. ஐரோப்பிய வழிவந்த பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்தபோது அதிகப் புதிர்களை விடுவித்தார்கள். சீன, ஜப்பானிய வழிவந்த பிள்ளைகளோ, அம்மா தேர்ந்தெடுத்தது என்றபோது!

ஹேசல் மார்கஸ், ஷினோபு கிடயாமா என்ற உளவியலாளர்கள் 1991இலேயே இதற்கு விளக்கம் தந்திருந்தார்கள். சில பண்பாடுகளில் ‘நான்’ என்பது தனி ஆள். வேறு சிலவற்றில் அம்மா, பாட்டி, ஊர் எல்லாம் சேர்ந்ததே ‘நான்’. மனநிறைவு எங்கிருந்து வருகிறது என்பதும் அதற்கேற்ப மாறும், அவமானமும் அப்படித்தான்.

இதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன். ஏழாம் வகுப்பில் கொல்லிமலை மாணவன் ஒருவன் ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போனவன் நான்கு நாள் கழித்து வந்தான். எல்லார் முன்னாலும் கண்டித்தேன். ‘உங்க வீட்டில் யாருக்கும் பொறுப்பில்லையா?’ என்றும் கேட்டுவிட்டேன். ஒரு வாரம் அவன் வாய் திறக்கவில்லை. தனக்கு விழுந்த திட்டை அவன் தாங்கியிருப்பான். வீட்டுக்கு விழுந்ததைத் தாங்க முடியவில்லை.

இதை வைத்து ‘மலைப்பிள்ளைகள் இப்படித்தான்’ என்று முத்திரை குத்தினால் திட்டுவதைவிடக் கெடுதல். ஒரே வீட்டின் அண்ணனும் தம்பியும்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி. இப்போது ஜூன் மாதத்திலேயே ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: ‘நல்ல சேதி வந்தால் யாரிடம் முதலில் சொல்வாய்?’

அவன் ‘பாட்டி’ என்றான். பாட்டியிடம் கைப்பேசி கிடையாது. ஓவியப் போட்டியில் அவன் பரிசு வாங்கியபோது நான்கு வரி எழுதி, செம்மேடு பேருந்து நடத்துநரிடம் கொடுத்தனுப்பினோம். மறுவாரம் அதே பேருந்தில் வகுப்புக்கே ஒரு தார் மலைவாழைப்பழம் வந்தது.