சரளைக்கு அடியில் செம்பு

உலகம் ஆண்டுதோறும் வெட்டியெடுக்கும் செம்பில் பாதிக்கும் மேல் ஒரே வகைத் தாதுப் படிவிலிருந்து வருகிறது. அதற்குப் போர்ஃபிரி படிவு என்று பெயர். செம்புச் சுரங்கம் என்றதும் பளபளக்கும் உலோகக் கட்டிகள் மனதில் தோன்றினால் அழித்துவிடுங்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருந்த சான் மானுவேல் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் தேறிய செம்பு ஏழு கிலோ சொச்சம்தான், மற்றதெல்லாம் கழிவு. அந்த ஏழு கிலோவும் ஓரிடத்தில் சேர்ந்து கிடக்காது. பெரும்பாலும் சால்கோபைரைட் என்னும் கந்தகக் கனிமத்தின் பொடிமணிகளாகவும் மெல்லிய நரம்புகளாகவும் பாறை முழுக்க விரவியிருக்கும். கையில் வாங்கிப் பார்ப்பவருக்கு அது சாதாரணக் கல். இவ்வளவு ஏழ்மையான கல்லின் பின்னால் கம்பெனிகள் அலைவதற்கு அளவுதான் காரணம். ஒரே படிவில் ஐம்பது கோடி டன், நூறு கோடி டன் என்று தாது கிடக்கும்.

அத்தனை பெரிய பொருள் யார் கண்ணிலும் படாமல் பூமிக்கடியில் இருக்க முடியுமா என்று தோன்றலாம். அரிசோனாவின் பாலைநிலத்தில் அப்படிப் பல படிவுகள் இருந்தன. இன்னும் இருக்கின்றன.

அந்த மாநிலத்தின் செம்புப் படிவுகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 5 கோடி முதல் 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. அப்போது பசிபிக் பக்கத்துக் கடலடித் தட்டு ஒன்று வட அமெரிக்காவுக்கு அடியில் புகுந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் பிறந்த பாறைக்குழம்பு மேலேறி, தரைக்குச் சில கிலோமீட்டர் கீழே தேங்கி நின்றது. குழம்பு ஆறி இறுகியபோது அதிலிருந்த நீரும் கந்தகமும் செம்பும் கொதிநீராகப் பிரிந்து, சுற்றியிருந்த பாறையை நொறுக்கிக்கொண்டு வெளியேறின. விரிசல்களில் ஓடிய அந்த நீர் குளிரக் குளிர, செம்பு கந்தகத்தோடு சேர்ந்து அங்கேயே படிந்தது.

படிந்தது படிந்தபடியே இருந்திருந்தால் தேடுபவர்களுக்கு வேலை எளிது. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி அந்த நிலப்பரப்பு இரு பக்கமும் இழுபட்டது. மேலோடு துண்டு துண்டாக உடைந்து, சாய்ந்து, சரிந்தது. உயர்ந்து நின்ற துண்டுகள் மலைத்தொடர்களாயின. தாழ்ந்தவை பள்ளத்தாக்குகளாகி, மலைகளிலிருந்து அடித்துவரப்பட்ட சரளையாலும் மணலாலும் நிரம்பின. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையும் சில இடங்களில் மேலே வந்து மூடிக்கொண்டது.

மலைகளில் தலைகாட்டிய படிவுகளைக் கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானம் தேவைப்படவில்லை. இத்தகைய பாறையில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகம் ஏராளம். காற்றும் மழைநீரும் பட்டால் அது கந்தக அமிலமாகிறது. அமிலம் செம்பைக் கரைத்துக் கீழே இறக்கி, நிலத்தடி நீர்மட்டத்தின் அருகே செறிந்த தாதுவாகச் சேர்த்துவைக்கும். மேலே மிஞ்சுவது துருப்பிடித்த சிவப்புப் பாறை. கழுதையோடு அலைந்த அந்தக் காலத்துத் தேடலாளர்கள் இந்தச் சிவப்பைத்தான் தேடினார்கள். மொரென்சி, ரே, ஆஹோ போன்ற பேர்போன சுரங்கங்களெல்லாம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் அடையாளம் காணப்பட்டுவிட்டன. சரளைக்கு அடியில் கிடந்தவற்றுக்கு அப்படி ஒரு கொடி ஏற்றிவைக்க யாருமில்லை.

டூசான் நகருக்கு வடக்கே உள்ள சான் மானுவேலில் அந்தச் சிவப்பு கொஞ்சமே கொஞ்சம் வெளியே தெரிந்தது. சரளைப்பாறைப் போர்வைக்கு நடுவே சிறிய திட்டாக ஒரு சிவப்புக் குன்று. இரண்டாம் உலகப் போரின்போது செம்புக்குத் தட்டுப்பாடு வந்ததால், அமெரிக்க அரசின் சுரங்கத் துறை அங்கே துளையிட்டுப் பார்த்தது. குன்றைவிடப் பன்மடங்கு பெரிய தாதுப் படிவு அடியில் புதைந்திருந்தது. மாக்மா காப்பர் கம்பெனி அதை வாங்கி, 1950களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கியது. பெரிய சுரங்கம், நிறைய ஆட்கள், கம்பெனியே கட்டிய ஊர். எல்லாம் வழக்கமான கதை.

வழக்கத்தை மீறிய பகுதி 1965-இல் நடந்தது. டேவிட் லோவெல் என்ற புவியியலாளர் குவின்டானா என்ற நிறுவனத்துக்காக அந்த வட்டாரத்தைப் பார்க்க வந்தார். 1928-இல் அதே அரிசோனாவின் நோகாலெஸில் பிறந்தவர். சான் மானுவேல் படிவைப் பற்றி அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1953-இலேயே விரிவான அறிக்கை வெளியிட்டிருந்தது. தாது எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். லோவெலோ தாதுவைச் சுற்றியிருந்த வெறும் பாறையைக் கவனித்தார்.

கொதிநீர் பாறை வழியே போகும்போது செம்பை விட்டுச் செல்வதோடு நிற்பதில்லை. பாறையையே சமைத்து வேறொன்றாக்கிவிடுகிறது. வெப்பம் மிகுந்த நடுப்பகுதியில் பொட்டாசியம் நிறைந்த ஃபெல்ட்ஸ்பாரும் கருப்பு அபிரகமும் உருவாகின்றன. அதைச் சுற்றி, வெள்ளை அபிரகத் துகளும் குவார்ட்ஸும் பைரைட்டும் நிறைந்த வெளிறிய பட்டை. அதற்கும் வெளியே, குளோரைட், எபிடோட் என்னும் பச்சைக் கனிமங்கள் கொண்ட அகன்ற வளையம். நடுப்பகுதியும் வெளிறிய பட்டையும் சந்திக்கும் எல்லையை ஒட்டி, ஒரு கூடுபோலச் செம்பு படிந்திருக்கும்.

சான் மானுவேலில் இந்த வளையங்கள் முழுமையாக இல்லை. பாதிதான் இருந்தன. பாறை சட்டென்று முடிந்த இடத்தில், ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் ஒரு நிலப்பிளவு ஓடியது. லோவெலின் மனதில் விரிந்த படத்தை இப்படிச் சொல்லலாம். ஒரு வாழைமரத்தைத் தரையில் சாய்த்துப் போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மேல்பாதியை மட்டும் சரித்துத் தள்ளிவிடுங்கள். எஞ்சிய பாதியில் மட்டைகள் அரைவட்டங்களாகத்தான் தெரியும். அவை எப்படி வளைகின்றன என்று பார்த்தாலே இன்னொரு பாதியின் பருமனையும் வடிவத்தையும் சொல்லிவிடலாம். படிவு உருவானபோது நட்டுக்கு நிற்கும் உருளையாக இருந்திருக்கிறது. பிற்காலத்தில் நிலம் சாய்ந்தபோது உருளையும் படுத்துவிட்டது. பிளவு அதை அறுத்தது. மேல்பாதி சரிந்து போனது. சரிந்துபோனது எங்கே என்பதுதான் கேள்வி.

பிளவின் சாய்வு போகும் தென்மேற்குத் திசையில், இரண்டரைக் கிலோமீட்டர் அளவுக்குப் பாறை சரிந்திருக்கிறது என்று கணித்து, அங்கே துளையிட்டார்கள். தரையில் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது. ஆனால் பல நூறு மீட்டர் ஆழத்தில் காணாமற்போன பாதி இருந்தது. கலமசூ படிவு என்று பெயர் பெற்ற அதன் அளவு 50 கோடி டன்னுக்கும் மேல், செம்பு 0.72 சதவீதம். கீழே தங்கிவிட்ட பாதிக்கும் சரிந்துபோன பாதிக்கும் தரத்தில்கூடப் பெரிய வித்தியாசமில்லை. என் பார்வையில் கனிமத் தேடலின் வரலாற்றில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு இன்னொன்று இல்லை. அதிர்ஷ்டத்துக்கு இதில் பங்கு மிகக் குறைவு. யாரும் மதிக்காத கழிவுப் பாறையே வரைபடமாகிவிட்டது.

லோவெலும் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கில்பர்ட்டும் 1970-இல் இந்த இரட்டைப் படிவை வேறு 27 படிவுகளோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். எங்கு பார்த்தாலும் ஏறக்குறைய அதே வளையங்கள். புவியியல் மாணவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையின் படத்தைப் பார்க்காமல் தேர்ச்சி பெற முடியாது. பாலையில் ஒரே ஒரு துளை போட்டு அதில் பச்சைக் கனிமம் வந்தால், வெளி வளையத்தில் நிற்கிறோம், உள்ளே போக வேண்டும் என்று புரிந்துகொள்ளலாம். வெளிறிய பாறையும் பைரைட்டும் வந்தால் நெருங்கிவிட்டோம். செம்பு கிடைக்காத துளையும் ஏதோ ஒரு திசையைச் சொல்லிவிடுகிறது.

கருவிகள் எதற்கு என்றால், முதல் துளையை எங்கே போடுவது என்று தீர்மானிக்கத்தான். தரையில் மின்சாரத்தைச் செலுத்திச் சட்டென நிறுத்தினால், அடியில் கந்தகக் கனிம மணிகள் விரவியிருக்கும்போது மின்னழுத்தம் உடனே வீழாமல் மெல்ல மெல்லக் குறையும். மணிகளின் மேற்பரப்பில் சற்று நேரம் மின்னூட்டம் தங்குவதே காரணம். 1910களில் கான்ராட் ஷ்லம்பெர்ஜே கவனித்த விளைவு இது. 1940களின் இறுதியில் நியூமாண்ட் நிறுவனத்தின் குழு இதைச் செம்புத் தேடலுக்குப் பழக்கியது. அவர்கள் சோதித்துப் பார்த்த இடங்களில் சான் மானுவேலும் ஒன்று. 1950-இல் டூசானுக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 60 மீட்டர் சரளைக்கு அடியில் பீமா படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு உதவியவை காந்த அளவீடும் மின்காந்த அளவீடும்.

ஆனாலும் கருவியை முழுக்க நம்பிப் பணத்தைக் கொட்டியவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். மின்னூட்டம் தங்குவதற்குச் செம்புக் கனிமம்தான் வேண்டும் என்பதில்லை. பைரைட்டும் கிராஃபைட்டும் சிலவகைக் களிமண்ணும் அதே சமிக்ஞையைத் தரும். மேலே சொன்ன வளையங்களை நினைத்துப் பாருங்கள்: பைரைட் மிக அதிகமாக இருப்பது தாதுவுக்கு வெளியே. எனவே கருவி உரக்கக் கத்தும் இடம் பல நேரங்களில் செம்பு இல்லாத இடம்.

பாலையில் வேறொரு உதவியாளும் உண்டு. அங்கே எங்கும் வளரும் மெஸ்கீட் மரம் நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். டூசான் அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கம் வெட்டியபோது 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் மெஸ்கீட் வேர் இருந்ததாக 1963-இல் பதிவு செய்தார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சும் மரம், நீரில் கரைந்திருக்கும் உலோகத்தையும் கொஞ்சம் மேலே இழுக்கும். கிளைகளை ஒடித்து எரித்துச் சாம்பலில் செம்பை அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. நிலத்தடி நீரைத் தீர்த்துவிடுகிறது என்று நாம் வைகிற வேர், அங்கே ஆய்வாளர்களுக்குக் கூலியில்லாமல் போர் போட்டுக் கொடுக்கிறது.

சிலியின் அட்டகாமா பாலையில் மரமும் கிடையாது. அங்கே ஸ்பென்ஸ் என்ற படிவு சரளைக்கு அடியில் கிடக்கிறது. அதற்கு மேலே, மண்ணில் உப்பும் செம்பும் சேர்ந்த கோடுகள் தென்படுகின்றன. பெரிய நிலநடுக்கங்கள் வரும்போது, தாதுவைத் தொட்டுக்கொண்டிருக்கும் உப்பு நிலத்தடி நீர் விரிசல்கள் வழியே மேலே தள்ளப்படுகிறது என்று காமரான் முதலிய ஆய்வாளர்கள் 2002-இல் விளக்கினார்கள். மழையே இல்லாத ஊர் என்பதால் மேலே வந்த உப்பு கழுவப்படாமல் அப்படியே நிற்கிறது.

அண்மைக் காலத்தில் கவனம் மறுபடியும் அந்தப் பச்சை வளையத்துக்கே திரும்பியிருக்கிறது. குளோரைட் மணியை லேசரால் சுரண்டி, அதில் நுண்ணளவில் கலந்திருக்கும் தனிமங்களை அளக்கிறார்கள். மையத்தை நெருங்க நெருங்க டைட்டானியம் கூடுகிறது, ஸ்ட்ரான்ஷியம் குறைகிறது. இந்த விகிதத்தைக் கொண்டு சில கிலோமீட்டர் தொலைவிலிருந்தே மையம் எந்தப் பக்கம் என்று கணிக்கலாம். அரிசோனாவின் சுப்பீரியர் நகருக்கு அருகேயுள்ள ரெசல்யூஷன் படிவில், இடத்தை மறைத்து வைத்து நடத்திய சோதனையில் இந்த முறை தேறியது. லோவெல் கண்ணால் பார்த்த வளையத்தை இப்போது வேதியியலால் பார்க்கிறார்கள்.

ரெசல்யூஷன் 1995-இல் மாக்மா காப்பர் கண்டுபிடித்தது. சுமார் 180 கோடி டன் தாது, சராசரி 1.5 சதவீதம் செம்பு. போர்ஃபிரி உலகில் இது பெரும் செல்வம். ஆனால் அது கிடப்பது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், எரிமலைப் பாறைக்கும் சரளைப்பாறைக்கும் கீழே. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ். இறங்கிப் பார்ப்பதற்காக மட்டும் 2,116 மீட்டர் ஆழக் குழி வெட்டியிருக்கிறார்கள். தாதுவை அடியிலிருந்து உடைத்துச் சரியவிட்டு எடுப்பதுதான் திட்டம். எடுத்து முடிக்கும்போது மேலே தரை உள்வாங்கி, சுமார் 3 கிலோமீட்டர் அகலத்தில், 300 மீட்டர் ஆழம் வரை பெரும் பள்ளம் விழும். அந்தத் தரை சான் கார்லோஸ் அப்பாச்சி மக்கள் புனிதமாக வழிபடும் ஓக் ஃபிளாட்.

புதைந்த செம்பைக் கண்டுபிடிக்கும் அறிவு வெகுதூரம் முன்னேறிவிட்டது. மேலே வாழ்பவர்களின் நிலத்தைக் குலைக்காமல் அதை வெளியே கொண்டுவரும் அறிவு அந்த வேகத்தில் வளரவில்லை. கலமசூவிலிருந்து தாது வெளியே வரவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1999-இல் செம்பு விலை சரிந்தபோது அந்தச் சுரங்கமும் நின்றுபோனது. ரெசல்யூஷன் கண்டுபிடிக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. வழக்குகள் நடந்தன, வணிக உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை.