பாலாடையில் வார்த்த டானிக்

சங்கரன்கோவில் ரத வீதிகளைக் கடந்து, விசைத்தறிகளின் ஓசை ஓயாத ஒரு சந்தில், நான்கு மாதப் பிராயமுள்ள ராஜபாளையம் குட்டி ஒன்றைக் கண்டேன். பால்போல் வெளுத்த மேனியும் இளஞ்சிவப்பு மூக்குமாக, 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற அந்த இனத்தின் லட்சணங்கள் யாவும் பொருந்தியிருந்த அக்குட்டி, வாசற்படி இறங்கும்போது மட்டும், முன்னங்கால்கள் வில்லாய் வளைந்து பாதங்கள் வெளிப்புறம் திரும்ப, ஒவ்வோர் அடிக்கும் தயங்கிற்று. வீட்டு அம்மாள் அதை மடியில் இருத்தி, பேரப்பிள்ளைக்கு வாங்கிய பாலாடையில் ரோஜா நிறத்துக் கால்சியம் டானிக்கை வார்த்து, ஒரு துளி சிந்தாமல் புகட்டினார்.

"எலும்பு உறுதியா நிக்கும்னு மருந்துக்கடையில சொன்னாக அண்ணாச்சி. ரெண்டு மாசமா ஒரு நாள் விடல. கால் வளையவும் ரெண்டு பங்கா ஆக்கிட்டேன். எனக்குக் குடுத்த மாத்திரையையும் பொடிச்சுப் போடுதேன்."

நாய்களுக்கான சத்து மருந்துகளைப் பற்றி எழுதுமாறு ஆசிரியர் பணித்தபோது, மூட்டுக்கும் ரோமத்துக்கும் ஜீரணத்துக்கும் விற்பனையாகும் பொடிகள், எண்ணெய்கள் பற்றியெல்லாம் விஷயம் சேகரித்துக்கொண்டுதான் புறப்பட்டேன். அந்தப் பாலாடையைக் கண்டபின் மற்றவற்றில் மனம் செல்லவில்லை.

வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தை ஏற்காது தள்ளிவிடும். ஆறு மாதம் நிரம்பாத குட்டிக்கோ அந்தச் சாமர்த்தியம் போதாது, கொடுத்ததில் பெரும்பங்கு இரத்தத்தில் சேர்ந்துவிடும். எலும்பின் நுனியிலுள்ள குருத்து படிப்படியாக எலும்பாக மாறுவதே வளர்ச்சியாக, மிகையான கால்சியம் அந்த மாற்றத்தையே தடுமாற வைக்கிறது. முன்னங்காலில் இணையாக ஓடும் இரண்டு எலும்புகளில் ஒன்று பின்தங்கி நாண்போல் இழுத்துப் பிடிக்க, மற்றொன்று வளர வழியின்றி வில்லாய் வளைகிறது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 1980களில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு ஆராய்ந்து, மிகையான கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் குலைப்பதைத் தெளிவாகக் காட்டினர். விரைந்து நெடுக வளரும் நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இனத்துக் குட்டிகளின் விஷயத்தில் இந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இதில் என்னை மிகவும் கலங்கவைப்பது வேறொன்று. வெறும் சோறும் எலும்பில்லாத கோழியும் தின்று கால்சியம் குறைந்த குட்டிக்கும் இதே கால்கள்தாம் வளைகின்றன. குறைவும் மிகையும் ஒரே வேஷத்தில் வந்து நிற்க, வளைவைக் கண்ட வளர்ப்போர் குறைவென்றே தீர்மானித்து, இன்னும் ஊற்றுகிறார்கள். மனிதர்க்கான மாத்திரைகள் பலவற்றில் கூடவே இருக்கும் வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்குவது. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தையே பாழாக்க வல்லது.

கரிசல் காட்டு வேட்டைநாய்கள் கேழ்வரகுக் கூழையும் கம்மஞ்சோற்றையும் மோரையும், கிடைத்தபோது எலும்பையும் தின்று வளர்ந்தவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. வீட்டில் கேழ்வரகுப் பானை மறைந்து அரிசிச்சோறு நிலைத்த பிறகே, தட்டில் குறைந்ததைப் புட்டியில் தேடும் பழக்கம் நாய்க்கும் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

முதுமையில் மூட்டு நோவும் நாய்க்கு மீனெண்ணெய் உதவுவதற்கு ஆதாரம் உண்டென்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அது பரிசோதித்து, எடை பார்த்து, அளந்து கொடுப்பது.

அந்த அம்மாள் குட்டியை ஆட்டோவில் தூக்கிச் சென்று மருத்துவரிடம் காட்டினார். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, என்னென்ன தருகிறீர்கள் என்பதே. கடையில் வாங்கும் குட்டித் தீவனம், அதன்மேல் டானிக், அதற்கும்மேல் மாத்திரை என்று கேட்டவர், தீவனத்திலேயே போதிய கால்சியம் இருக்கிறதென்று பையின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த அளவைக் காட்டி, மற்ற இரண்டையும் அன்றே நிறுத்தச் சொன்னார்; வழுக்கும் தரையில் ஓடவிடாமல் சாக்கு விரிக்கவும், மாதம் ஒருமுறை எடை பார்க்கவும் கூறினார். கால் நேராகுமா என்ற கேள்விக்கு, இன்னும் வளர்ச்சி மிச்சமிருக்கிறது, மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுபடி நான் போனபோது திண்ணை நெடுகச் சணல் சாக்கு விரித்திருந்தது. முக்கால் புட்டி டானிக்கை முருங்கைமரத்தடியில் கொட்டிவிட்டதாக அம்மாள் சொல்லிக்கொண்டிருக்கையில், குட்டி சாக்கின்மேல் நடந்து வந்து, பாலாடையைத் தேடி அவர் முந்தானையை முகர்ந்தது. இடக்கால் சற்றே தேறியிருந்தது, வலப்பாதம் இன்னும் வெளிப்புறமே திரும்பியிருந்தது.