பாக்கெட்டில் மூணு லெட்ஜர்!

காலை நேரத்து தாம்பரம் - பீச் மின்சார ரயில். கூட்டம் பிதுங்குகிறது. ஜன்னலோர ஆசாமி ப்ளூடூத் பட்ஸில் கண்மூடி லயித்திருக்கிறார். பட்ஸில் சார்ஜ் தீர்கிறது... அடுத்த விநாடி பெட்டி முழுக்கக் குத்துப்பாட்டு! மனுஷர் பாக்கெட்டைத் துழாவுகிற வேகம் இருக்கிறதே... சுற்றியிருப்பவர்களுக்குச் சிரிப்பு, அவருக்கு உயிர் போகிறது.

நியாயமாகப் பாட்டு நின்றிருக்க வேண்டும். ஹெட்செட் கழன்றதும் ஆண்ட்ராய்ட், 'சத்தம் வெளியே வரப்போகுது' என்று ஆப்களுக்குத் தகவல் கொடுக்கும். நல்ல ஆப் உடனே வாயை மூடிக்கொள்ளும். சில அடங்காப்பிடாரிகள் மூடாது!

சரி, அவ்வளவு சத்தம் ஏன்? போனில் வால்யூம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். கிடையாது ஸார்! பாட்டு, ரிங், அலாரம், பேச்சு எல்லாம் தனித்தனி. பாட்டிலேயே ஸ்பீக்கர், ஒயர் இயர்போன், ப்ளூடூத் என்று தனித்தனி லெட்ஜர். பி.காம். ஆசாமிகளுக்கு விளக்கணுமா என்ன? கடைசியாக வைத்த பாலன்ஸ்தான் அடுத்த முறை ஓப்பனிங் பாலன்ஸ். ராத்திரி ஸ்பீக்கரில் கிரிக்கெட்டை ஃபுல்லாக வைத்திருந்தால் காலையில் ரயிலில் அதே ஃபுல்தான்.

பட்டனை அமுக்கினால் அப்போது எதில் பாட்டு ஓடுகிறதோ அந்தக் கணக்குதான் மாறும். ஆகவே, வீட்டிலேயே ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடவிட்டு, அடியோடு குறைத்துவிட்டு, அப்புறம் பட்ஸை மாட்டுங்கள். அரை நிமிஷ வேலை.

இன்னொரு தொல்லை. ஒரு புள்ளி குறைத்தால் கேட்கவே கேட்காது, ஒரு புள்ளி கூட்டினால் காது கிழியும். 2015-ல் வந்த ஆண்ட்ராய்ட் 6 முதல், போன் வால்யூமும் ப்ளூடூத் ஹெட்செட் வால்யூமும் சேர்ந்தே ஏறி இறங்க வழி செய்திருக்கிறார்கள். சில ஹெட்செட்டுகளுக்கு இந்தக் கூட்டுக்குடித்தனம் ஒத்துவராது. தனிக்குடித்தனம் வைக்க வழி: செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை 7 தடவை தட்டுங்கள். 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'டிஸேபிள் அப்ஸல்யூட் வால்யூம்' என்பதை மட்டும் போடுங்கள். மற்றதில் கை வைக்காதீர்கள், ப்ளீஸ்!

விளையாட்டில்லாத விஷயம் ஒன்று. ரயில் இரைச்சலை ஜெயிக்க வால்யூமை ஏற்றுகிறோம். மத்தியானம் ஆபீஸில் நிசப்தம். ஆனால் லெட்ஜரில் காலை பாலன்ஸ் அப்படியே நிற்கிறது, நாமும் அப்படியே கேட்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான்! உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. தலைமுடிக்காவது விக் உண்டு!

அதனால் ரயிலை விட்டு இறங்கும்போது பட்ஸைக் கழற்றுமுன் குறைத்துவிடுங்கள். ஐபோன்காரர்களுக்கு 'ஹெட்போன் சேஃப்டி'யில் சத்தத்துக்கு உச்சவரம்பே போடலாம்.

மேனேஜர் காரில் லிஃப்ட் கேட்கிறவர்களுக்குத் தனிக்குறிப்பு. ஒரு தடவை அந்த ஸ்டீரியோவோடு உங்கள் போனை ஜோடி சேர்த்துவிட்டால், அடுத்த முறை ஏறி உட்கார்ந்ததுமே தானாக ஒட்டிக்கொள்ளலாம். நீங்கள் ரகசியமாகக் கேட்கிற வாய்ஸ் மெசேஜ் நாலு ஸ்பீக்கரிலும் வரும். ப்ளூடூத் பட்டியலில் 'ஃபர்கெட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. காரை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக அதை அமுக்குங்கள்!