இயல்புநிலைக்கு மீட்டல்: தரவுத்தள நிரல்கள் பற்றிய ஒரு விளக்கம்

இடாப்பு எழுதுவோர், ஒரே சொல்லைப் பன்முறை எழுத நேருமிடத்து, "மேற்படி" என்று குறித்து அப்பாற் செல்வது நெடுநாளைய வழக்கம். கணினியிலும் இதனை ஒத்த ஓர் ஏற்பாடு உண்டு. அதன் இயல்பையும், ஒருகால் மாற்றப்பட்ட அதனை உரிய நிலைக்கு மீட்கும் முறையையும், பழைய மாணவரும் இன்று கணினி பயிலும் இளைஞரும் ஒருங்கே அறியும் வண்ணம் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுதி. அட்டவணையிற் கிடையாகச் செல்வது நிரை. நிலைக்குத்தாக நிற்பது நிரல். அங்கத்தவர் இடாப்பொன்றில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நிரை. பெயர், சேர்ந்த ஆண்டு, மாவட்டம் என்னும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். இவ்வமைப்பின் கணித அடிப்படையை 1970இல் வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் கொட் என்பார். அந்நிறுவனத்து டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டளை மொழியே இன்று எஸ்.கியூ.எல். என வழங்குகின்றது. அது 1986இல் அமெரிக்க நியமமாகவும் மறு ஆண்டிற் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது.

புதிய நிரையொன்றைச் சேர்ப்பவர் ஒரு நிரலுக்குரிய விவரத்தைத் தாராதுவிடின், கணினி தானே இட்டு நிரப்பும் விடையை இயல்புநிலைப் பெறுமானம் என்பர். இஃது எழுதுவோரின் உழைப்பைக் குறைப்பது உண்மை. ஆயினும், வாய் திறவாதவருக்காகக் கணினி பேசிவிடுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இதனை நம்மூர் நிலைமையொன்றில் வைத்து நோக்குவோம். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் உடையார்கட்டும் அதன் அயற் கிராமங்களும் மக்களின்றி வெறுமையாயின. இடம்பெயர்ந்தோருட் பெருந்தொகையினர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் பகுதியில் அமைந்த மெனிக் பாம் முகாமில் வாழ நேர்ந்தது. அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அக்காலத்தில் ஒரு சங்கம் தன் அங்கத்தவர் இடாப்பைக் கணினியிற் பேணியதாகக் கொள்வோம். வருவோர் யாவரும் ஒரே முகவரியைக் கூறியமையால், எழுதுவோர் மாவட்ட நிரலின் இயல்புநிலையை ‘வவுனியா’ என மாற்றிவிட்டனர். மக்கள் ஊர் திரும்பியபின் அதனை மீட்டல் வேண்டும். எவ்வாறு?

அதற்குரிய கட்டளை வருமாறு: ஆல்ட்டர் டேபிள் அங்கத்தவர் ஆல்ட்டர் கொலம் மாவட்டம் செற் டிபோல்ற் ‘முல்லைத்தீவு’. அங்கத்தவர் என்னும் அட்டவணையில், மாவட்டம் என்னும் நிரலின் இயல்புநிலையை முல்லைத்தீவு ஆக்குக என்பது இதன் பொருள். கட்டளை நிறைவேறியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். அவ்வாறன்று. இக்கட்டளை இனி எழுதப்படும் நிரைகளையே ஆளும்; முன்னர் எழுதப்பட்டவற்றைத் தீண்டாது. ஊர் திரும்பி வீடு கட்டி வாழ்பவரும் இடாப்பில் இன்னும் வவுனியாவிலேயே இருப்பர்; அவருக்கு அனுப்பப்படும் கடிதமும் அங்கேயே செல்லும்.

பழைய நிரைகளைத் திருத்துவதற்கு வேறொரு கட்டளை உண்டு. அது, அப்டேற் அங்கத்தவர் செற் மாவட்டம் = டிபோல்ற் என்பதாகும். இதனை நிபந்தனையின்றி ஏவினால் இடாப்பு முழுவதும் ஒரு நொடியில் முல்லைத்தீவாகும். அதுவும் பிழையே. முகாமினின்று வெளியேறி வவுனியாவிலேயே நிலைத்தோர் உளர். யாழ்ப்பாணம் சென்றோர் உளர். கடல் கடந்தோரும் உளர். தாமே கூறிய வவுனியாவையும் கணினி இட்ட வவுனியாவையும் வேறு பிரித்தறியத் தரவுத்தளத்தில் அடையாளம் எதுவும் இராது. ஆகவே, ‘உறுதிசெய்த நாள்’ என ஒரு நிரலைப் புதிதாகச் சேர்த்து, ஒவ்வொருவரையும் வினவி, விடை கிடைத்த நிரைகளை மட்டும் ‘வெயர்’ என்னும் நிபந்தனைச் சொல்லாற் சுட்டித் திருத்துதலே முறையாகும்.

மூன்றாவது வழியும் உண்டு. ட்றொப் டிபோல்ற் என்பது இயல்புநிலையையே அகற்றும் கட்டளை. நியமப்படி, அதன்பின் விவரம் தரப்படாத இடம் ‘நல்’ எனப்படும் வெறுமையாக நிற்கும்; வெறுமையை ஏலாத நிரலாயின் அந்நிரையே மறுக்கப்படும். வாழிடம் போன்ற விவரங்களுக்கு இதுவே சாலச் சிறந்தது. தெரியாததைத் தெரியாதென்று காட்டும் வெற்றிடம், தெரிந்ததுபோற் காட்டும் பொய்யினும் மேலானதன்றோ?

எக்கட்டளையாயினும், அட்டவணையின் படியொன்றை எடுத்துவைத்த பின்னரே ஏவுதல் வேண்டும். போஸ்ற்கிறெஸ் தரவுத்தளத்தில் அட்டவணை மாற்றத்தையும் ‘கொமிற்’ என உறுதிப்படுத்துமுன் ‘றோல்பாக்’ என்னும் கட்டளையால் மீளப்பெறலாம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அம்மாற்றம் உடனே நிலைத்துவிடும்.

இவையெல்லாம் சிறு நுணுக்கங்கள் எனத் தோன்றலாம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் முல்லைத்தீவுக் கரையையும் அழித்த ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைப் பதியவும் இலங்கை மென்பொருளாளர் தொண்டாக ஆக்கிய ‘சகனா’ என்னும் செயலி பின்னர் பிறநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. அத்தகைய இடாப்பில் ஓர் ஊர்ப்பெயர் தானாக வந்து விழுமாயின், தேடிவரும் தாய் வேறோர் ஊருக்கு அன்றோ அனுப்பப்படுவாள்?

ஆதலின், சங்க இடாப்புகளையும் பாடசாலைப் பதிவுகளையும் கணினியில் ஏற்ற முற்படும் நம் இளைஞர், ஒவ்வொரு நிரலின் இயல்புநிலையையும் யார், எப்போது, எதன்பொருட்டு இட்டார் என்பதை எழுதிவைப்பாராக. அக்குறிப்பு இருப்பின், பின்வருவோர்க்கு மீட்டல் எளிதாகும்.