பந்தே வீசாத பந்துவீச்சு வாத்தியார்

பேஸ்பால் கேட்சரின் விரல் நகங்களை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பளீர் மஞ்சள், பளீர் பச்சை என்று நெயில் பாலிஷ்! முகமூடி, மார்புக் கவசம், முழங்காலுக்குத் தடுப்பு என்று போர்வீரன்போல் வருகிற ஆஜானுபாகு ஆசாமிக்கு நகத்தில் எதற்குச் சாயம்? ரகசியம் இதுதான். குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே விரலை நீட்டி, ஒன்று என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைபந்து என்று அவர் சைகை காட்டுவார். அறுபது அடி தள்ளி நிற்கிற பிட்சருக்கு அந்த விரல் தெரிந்தாக வேண்டும். எதிரணிக்குத் தெரியவே கூடாது. 2022இல் இதற்கும் கருவி வந்துவிட்டது: கேட்சர் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். நல்ல வசதிதான். எனக்கு என்னவோ அந்த நெயில் பாலிஷ்தான் பிடிக்கிறது.

நம்ம ஊர் விக்கெட் கீப்பர் மாதிரிதானே என்று கேட்பீர்கள். பாதி சரி. கீப்பர் எங்காவது ஒவ்வொரு பந்துக்கும், “இப்போ இதைப் போடு” என்று பவுலருக்கு உத்தரவு போடுவாரா? கேட்சர் போடுவார். மற்ற எட்டுப் பேரும் அவரைப் பார்த்து நிற்க, அவர் ஒருவர் மட்டும் அத்தனை பேரையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். மொத்த ஆட்டமும் அவர் கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது.

அப்படி உட்கார்ந்தே வித்தை படித்தவர்தான் டேவ் டங்கன். மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாதவர். ஆனால் பேஸ்பால் கண்ட பிட்சிங் கோச்சுகளில் தலைசிறந்தவர் யார் என்று பேச்சு வந்தால் அவர் பெயர் வராமல் போகாது. என்னைக் கேட்டால் அவரேதான்!

1964இல், பதினெட்டு வயதில், கான்சஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அணிக்கு ஆட வந்தார். அணி பிறகு ஓக்லாண்டுக்குக் குடிபெயர்ந்தது. அணியின் முதலாளி சார்லி ஃபின்லி ஒரு விசித்திரப் பேர்வழி. 1972இல் தந்தையர் தினத்துக்குள் மீசை வளர்க்கும் ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 300 டாலர் என்று அறிவித்தார். மீசைக்குக் காசு! சவரம் செய்த முகமே வழக்கம் என்றிருந்த அந்தக் காலத்தில் ஒரு படையே மீசையோடு இறங்கி, அந்த ஆண்டு உலகத் தொடரையும் தட்டிச் சென்றது. டங்கனும் அந்தப் படையில்தான். அந்த சீசனில் 19 ஹோம் ரன் அடித்திருந்தும், உலகத் தொடரில் கேட்சர் இடம் பெரும்பாலும் ஜீன் டெனஸுக்குப் போனது. டெனஸ் நான்கு ஹோம் ரன் விளாசித் தொடர் நாயகனாகிவிட்டார். எத்தனை எரிச்சலாக இருந்திருக்கும்!

மட்டையைப் பொறுத்தவரை டங்கன் பெரிய புலி அல்ல, மொத்தச் சராசரி .214தான். ஆனால் கேட்ஃபிஷ் ஹன்டர், வைடா ப்ளூ, ரோலி ஃபிங்கர்ஸ் என்று ஜாம்பவான்கள் வீசிய பந்தெல்லாம் வந்து விழுந்தது அவர் கையுறையில். எந்தப் பந்து எப்போது எடுபடும், எந்தப் பிட்சர் எப்போது தளர்கிறார் என்பதெல்லாம் வாங்கிக் கொள்பவருக்குத்தானே முதலில் தெரியும்?

இனி டக்அவுட்டுக்குள் நுழைவோம். மேனேஜர் டோனி லா ரூஸா. அவர் பக்கத்திலேயே பிட்சிங் கோச்சாக டங்கன். இருவரும் பழைய அத்லெடிக்ஸ் சகாக்கள். 1983 முதல் 2011 வரை சிகாகோ, ஓக்லாண்ட், செயின்ட் லூயிஸ் என்று சேர்ந்தே ஊர் மாறினார்கள். டங்கன் மடியில் எப்போதும் தாள்கள். எந்த பேட்டர் எந்தப் பந்தை எந்தத் திசையில் அடிக்கிறார் என்று கைப்படவே குறித்துவைப்பார். கணினியில் தட்டினால் எல்லாம் கிடைக்கும் காலம் வருவதற்கு வெகு முன்பே, அது அவருடைய சொந்தக் கருவூலம்.

அவருடைய தாரக மந்திரம் சிங்கர். முழங்கால் உயரத்தில் வந்து, கடைசி நொடியில் கீழே இறங்குகிற பந்து. பேட்டர் அதன் மேற்பகுதியைத்தான் தட்ட முடியும். பந்து தரையில் உருளும். உருளுகிற பந்து ஹோம் ரன் ஆகாது அல்லவா! சில நேரம் ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். எல்லோரையும் ஸ்ட்ரைக்அவுட் ஆக்கப் பார்க்காதே, ஃபீல்டர்களுக்கும் வேலை கொடு என்பதுதான் இதன் சாரம்.

மற்ற அணிகள் கைவிட்டவர்களை ஆளாக்குவதில்தான் அவர் மன்னன். 1986இல் பிலடெல்ஃபியா கழற்றிவிட்ட டேவ் ஸ்டூவர்ட், ஃபோர்க்பால் என்ற ஆயுதத்தோடு எழுந்து, 1987 தொடங்கி நான்கு சீசன் தொடர்ந்து 20 வெற்றிகளுக்குக் குறையாமல் எடுத்தார். சிகாகோ கப்ஸிலிருந்து வந்த டென்னிஸ் எக்கர்ஸ்லி ஓக்லாண்டில் ஆட்டத்தை முடித்துவைக்கும் க்ளோசராக மாறி, 1992இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதையும் சேர்த்து அள்ளினார். ஹோய்ட், வெல்ச், எக்கர்ஸ்லி, கார்ப்பென்டர்: டங்கனிடம் பாடம் கேட்ட சை யங்காரர்கள் நான்கு பேர்.

ஆனால் டங்கனிடம் மந்திரக்கோல் எல்லாம் கிடையாது. 2000இல் செயின்ட் லூயிஸின் இளம் நட்சத்திரம் ரிக் ஆன்கியல், ப்ளேஆஃப் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைக் கேட்சருக்கு எட்டாமல் எங்கெங்கோ வீசினார். அந்தக் கை பழையபடி திரும்பவே இல்லை. பின்னாளில் அவர் அவுட்ஃபீல்டராகத் திரும்பி வந்தார். அன்று வழக்கமான கேட்சர் மைக் மத்தேனி களத்தில் இல்லை. பிறந்தநாள் பரிசாக வந்த வேட்டைக் கத்தி கையைக் கிழித்திருந்தது!

சிரிப்புக்குரிய சரக்கும் உண்டு. 2011 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், டெக்சாஸ், காதைப் பிளக்கும் கூச்சல். லா ரூஸா போனில் பிட்சர் ஜேசன் மோட்டைத் தயார் செய்யச் சொல்கிறார். மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் புல்பென்னில் அது கேட்கவே இல்லை. மறுபடி கூப்பிடுகிறார்; இம்முறை காதில் விழுந்த பெயர் லான்ஸ் லின். மைதானத்துக்குள் ஓடி வந்தவரைப் பார்த்து லா ரூஸாவுக்கே திகைப்பு. வந்ததற்கு ஒரு பேட்டரை வேண்டுமென்றே முதல் தளத்துக்கு நடக்கவிட்டுவிட்டுத் திரும்பினார் லின். அந்த ஆட்டம் போனது. ஆனால் ஏழாவது ஆட்டத்தைக் கார்ப்பென்டர் வென்று கொடுத்தார். கோப்பை செயின்ட் லூயிஸுக்கே.

அதோடு லா ரூஸா ஓய்வு பெற்றார். சில மாதங்களில் டங்கனும் விலகினார். மேனேஜர் நாற்காலி யாருக்குப் போனது தெரியுமா? தொழில்முறை அணி எதையும் அதற்குமுன் நடத்தியே இராத ஒருவருக்கு. அந்த வேட்டைக் கத்திக் கேட்சர் மத்தேனிக்கு!