வீட்டுக் கிருமிநாசினி: நம் கைகளுக்கு எது காவல்?



நம் கல்யாண வீடுகளில் சஹன் வைத்துச் சோறு பரிமாறும் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். விரிப்பின் நடுவே பெரிய தட்டு. அதைச் சுற்றி மூவர் நால்வராக அமர்கிறார்கள். கிண்டியில் தண்ணீர் வருகிறது. பின்னாலேயே படிக்கமும் வருகிறது. ஆளுக்கொரு முறை விரல்களை நனைத்துக்கொண்டு பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் கை வைக்கிறார்கள். ஒரே தட்டில் அமர்ந்து உண்பது நம் அன்புக்கும் சமத்துவத்திற்கும் அழகிய அடையாளம். அது என்றும் நிலைக்க வேண்டும். ஆனால் அந்த நான்கு கைகளும் உண்மையில் தூய்மையானவைதாமா? பெரியவர்களுக்கு இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். அதே தட்டில் கை வைக்கும் சின்னஞ்சிறு பிள்ளைக்கு இது வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் பற்றிய கேள்வி.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது கைத்தூய்மை பற்றிய விழிப்புணர்வு எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கடைகளில் சானிடைசர் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை மிகுதி. அப்போது வீட்டிலேயே இயற்கை முறையில் தயாரிக்கும் குறிப்புகள் கைக்குக் கை மாறின. கற்றாழை, வேப்பிலை, துளசி, எலுமிச்சை, வினிகர் என்று ஆளுக்கொரு செய்முறை. நானும் ஒரு குப்பி தயாரித்தேன். கற்றாழைச் சோற்றை மசித்து, மருந்துக் கடையில் வாங்கிய ஆல்கஹாலை ஊற்றி, சில துளி நறுமண எண்ணெயும் சேர்த்தேன். பார்க்கவும் முகரவும் நன்றாகவே இருந்தது. பிள்ளைகள் வெளியே சென்று திரும்பும்போதெல்லாம் அதைத் தடவிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒருநாள் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் அந்த நிம்மதி வெறும் மனத்திருப்தி என்பது புரிந்தது. அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

கைகளில் உள்ள கிருமிகளைத் தடவிய மாத்திரத்தில் அழிக்க வேண்டுமானால், அந்தத் திரவத்தில் குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும். இது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. கடையில் 70 விழுக்காடு ஆல்கஹால் வாங்கி, அதில் இரண்டு பங்குடன் ஒரு பங்கு கற்றாழைச் சோற்றைக் கலந்தால் எஞ்சுவது ஏறத்தாழ 47 விழுக்காடே. பாதிக்குப் பாதி கலந்தால் 35 விழுக்காடாக இறங்கிவிடும். கை குளிரும், மணக்கும், கிருமி மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

அப்படியானால் 100 விழுக்காடு ஆல்கஹாலையே ஊற்றிவிடலாமே என்று கேட்கக் கூடாது. கிருமியின் புரதத்தைக் குலைப்பதற்கு ஆல்கஹாலுடன் ஓரளவு தண்ணீரும் தேவை. ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், எத்தனால் 80 விழுக்காடாக அமையும்படி ஒரு செய்முறையைத் தந்தது. 96 விழுக்காடு எத்தனால் 8,333 மில்லி, 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 விழுக்காடு கிளிசரின் 145 மில்லி ஆகியவற்றுடன் கொதிக்க வைத்து ஆறிய நீரைச் சேர்த்து 10 லிட்டராக்குவது அந்த முறை. இது மருத்துவமனைகளுக்கும் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களுக்கும் உரியது. அடுப்பெரியும் நம் சமையலறைக்கு உரியதன்று. ஆல்கஹாலின் ஆவி எளிதில் தீப்பற்றும்; அந்தச் சுடர் பல நேரம் கண்ணுக்கே தெரியாது.

இயற்கை என்றால் தீங்கில்லையா?

வேம்பும் துளசியும் நல்ல மூலிகைகள். அவற்றின் சாறு ஆய்வுக்கூடத்தில் சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதும் உண்டு. ஆனால் கையில் தடவிய சில விநாடிகளில் கிருமிகளை ஒழிக்கும் என்று நம்பி நோயாளியின் அருகில் செல்ல முடியாது. எலுமிச்சைச் சாற்றைக் கையில் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கொப்பளித்துக் கறுப்பதும் உண்டு. வினிகரை பிளீச்சிங் பவுடருடன் கலந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும் குளோரின் வாயு கிளம்பும். இப்படிப்பட்ட கலவைகளை எந்தக் காரணத்திற்காகவும் முயலாதீர்கள்.

இன்னொரு பேராபத்தும் உண்டு. எத்தனாலும் மெத்தனாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மெத்தனால் கொடிய நஞ்சு. கண்ணொளியையும் உயிரையும் பறிக்கக்கூடியது. 2020-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் மெத்தனால் கலந்த சானிடைசரைக் குடித்த 15 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 4 பேர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை இறுதியில் ஆந்திர மாநிலம் பிரகாசம் மாவட்டத்தில் சானிடைசரை மதுவுக்குப் பதிலாகக் குடித்து 10-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே வாங்கிய சானிடைசரை ஒருபோதும் குளிர்பானக் குப்பியில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஆல்கஹால் கலந்ததைக் கையில் தடவிக்கொண்டு தொழலாமா என்று தயங்கும் சகோதரிகள் பலர். இந்தத் தயக்கம் ஈமானின் பேணுதலிலிருந்து வருவது; அதைக் கேலி செய்யக் கூடாது. உலக முஸ்லிம் லீக்கின் இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம் 2002 ஜனவரியில் மக்காவில் கூடியபோது இதை ஆராய்ந்தது. உடலின் வெளிப்புறத்தில் கிருமிநாசினியாக ஆல்கஹாலைப் பயன்படுத்துவது கூடும் என்று தீர்மானித்தது. ஆயினும் மத்ஹபுகளுக்கிடையே நுண்ணிய கருத்து வேறுபாடுகள் உள்ளன. ஐயமுள்ளோர் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நலம். தண்ணீரும் சோப்பும் இருக்கும் இடத்தில் இந்த ஐயத்திற்கே இடமில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஒன்றை மட்டும் தெளிவாக நினைவில் கொள்ளுங்கள். சானிடைசர் ஒளுவுக்குப் பகரமாகாது. அதேபோல் தண்ணீர் மட்டும் ஊற்றிச் செய்யும் ஒளு, எண்ணெய்ப் பிசுக்கிலும் நகக்கண்ணிலும் ஒட்டியிருக்கும் கிருமிகளை முழுவதும் நீக்கிவிடும் என்றும் எண்ணக் கூடாது. ஒளு வணக்கத்திற்குரிய தூய்மை. கை அழுக்காக இருந்தால் முதலில் சோப்பிட்டுக் கழுவிவிட்டுப் பிறகு ஒளுச் செய்வதே சிறப்பு.

கராச்சி நகரம் தந்த பாடம்

சாதாரண சோப்பு அப்படி என்ன செய்துவிடும் என்று கேட்போருக்குக் கராச்சி நகரம் பதில் சொல்லியிருக்கிறது. அங்குள்ள ஏழைக் குடியிருப்புகளில் சில வீடுகளுக்குச் சோப்பு கொடுத்து, எப்போது எப்படிக் கை கழுவ வேண்டும் என்றும் தொடர்ந்து எடுத்துச் சொன்னார்கள். மற்ற வீடுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்து, அதன் முடிவு 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. சாதாரண சோப்பு பெற்ற வீடுகளில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே நிமோனியாக் காய்ச்சல் 50 விழுக்காடு குறைந்திருந்தது. 15 வயதுக்குட்பட்டோரிடையே வயிற்றுப்போக்கு 53 விழுக்காடும், தோலில் வரும் சீழ்க்கொப்பளம் 34 விழுக்காடும் குறைந்திருந்தன. 'கிருமிகளைக் கொல்லும்' மருந்து சேர்த்த சோப்பு கொடுக்கப்பட்ட வீடுகளிலும் இதற்கு மேல் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் காணப்படவில்லை. விலை உயர்ந்த சோப்பு வாங்க இயலவில்லையே என்று எந்தத் தாயும் வருந்தத் தேவையில்லை.

சோப்பின் நுண்துகளுக்கு இரண்டு முனைகள். ஒரு முனை தண்ணீரை நாடும்; மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய்ப் பிசுக்கையும் அதில் ஒட்டிய கிருமிகளையும் பற்றிப் பெயர்த்து, ஓடும் நீருடன் அனுப்பிவிடும். கொரோனா போன்ற சில கிருமிகளின் மேல் கொழுப்பு உறை உண்டு. அந்த உறையையே சோப்பு குலைத்துவிடுகிறது. வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும் நோரோ வைரஸ் போன்றவை ஆல்கஹாலுக்கு எளிதில் மசிவதில்லை. அவற்றைக் கழுவித்தான் அகற்ற வேண்டும்.

கைத்தூய்மை தாய்மார்களின் உயிரையே காத்த வரலாறும் உண்டு. 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஹங்கேரி நாட்டு மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணங்களைச் சோதித்துவிட்டு அதே கையுடன் பிரசவம் பார்க்க வந்த மாணவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரல் மாதத்தில் அங்கு 100 தாய்மார்களுக்கு 18 பேர் இறந்தனர். ஜூன் மாதத்தில் அது ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், குழந்தையைத் தூக்குமுன் கை கழுவ மறக்கலாமா?

வீட்டிலேயே செய்து பாருங்கள்

கைகளுக்கு உண்மையில் காவலாக நிற்கக்கூடியவற்றைச் சமையலறையிலேயே தயாரிக்கலாம்.

சோப்புத் திரவம்: 100 கிராம் குளியல் சோப்பு ஒன்றைக் காய் துருவியில் துருவிக்கொள்ளுங்கள். 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, துருவலைப் போட்டுக் கரையும்வரை கிளறுங்கள். கை வறளாதிருக்க ஒரு தேக்கரண்டி கிளிசரின் சேர்க்கலாம். ஓரிரவு ஆறவிட்டால் கூழ்போல் இறுகும். மிகவும் இறுகிவிட்டால் சிறிது வெந்நீர் ஊற்றிக் கலக்குங்கள். இரண்டு வாரத்திற்குத் தேவையான அளவே செய்யுங்கள். பழைய மிச்சத்தின்மேல் புதியதை ஊற்றாதீர்கள். குப்பியைக் கழுவி உலர்த்தி நிரப்புங்கள். இல்லாவிட்டால் அந்தத் திரவத்திலேயே கிருமி வளரும்.

பூந்திக்கொட்டை நீர்: பட்டையும் நகையையும் நம் முன்னோர் இதில்தான் கழுவினார்கள். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். விதை நீக்கிய தோல் 15 அல்லது 20 எடுத்து அரை லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவையுங்கள். மறுநாள் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். சபோனின் என்ற பொருள் இதில் இயற்கையாகவே இருப்பதால் நுரைக்கும், பிசுக்கையும் எடுக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்திற்குள் பயன்படுத்திவிடுங்கள். கண்ணில் பட்டால் எரியும். அன்றாட அழுக்குக்கு இது போதும். வீட்டில் நோயாளி இருந்தாலோ பச்சை இறைச்சியைத் தொட்டாலோ சோப்பையே பயன்படுத்துங்கள்.

சலவைத்தூள் நீர்: வங்கதேசத்தில் ஏழை வீடுகளுக்குக் கற்றுத்தந்த முறை இது. 1.5 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சலவைத் தூளைக் கலந்து, மூடியில் துளையிட்ட குப்பியில் ஊற்றிக் கழிவறை வாசலில் வைத்துவிடுவார்கள். செலவு மிகக் குறைவு. கட்டிச் சோப்பைப்போல் தொலைந்தும் போகாது.

பயணச் சோப்பு: சோப்பை மெல்லிய சீவல்களாகச் சீவி, நிழலில் உலர்த்தி, சிறு டப்பியில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீவல் ஒருமுறைக்குப் போதும். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் மணமில்லாத சோப்பாகப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள். இஹ்ராமில் இருக்கும்போது நறுமணம் விலக்கப்பட்டது. நறுமண எண்ணெய் கலந்த சானிடைசருக்கும் இது பொருந்தும்.

தண்ணீரே கிடைக்காத இடங்களுக்காகக் கடையில் சானிடைசர் வாங்கினால், ஆல்கஹால் 60 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருக்கிறதா, காலாவதி நாள் கடந்துவிட்டதா என்று பார்த்து வாங்குங்கள். கை முழுவதும் படும்படி தடவி, தானாக உலரும்வரை தேய்க்க வேண்டும். அடுப்பருகே போகுமுன் கை நன்கு காய்ந்திருக்க வேண்டும்.

சுன்னத்தும் சுகாதாரமும்

தூங்கி எழுந்தவர் பாத்திரத்தில் கையை நுழைப்பதற்கு முன் மும்முறை கழுவிக்கொள்ள வேண்டும் என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவதும் நகம் களைவதும் நமக்குச் சொல்லப்பட்டவையே. இன்றைய மருத்துவர்களும், கழுவும்போது மக்கள் தவறவிடும் இடங்கள் விரல் இடுக்கும் கட்டைவிரலும் நகக்கண்ணுமே என்கிறார்கள். சோப்பிட்டு, மெதுவாக இருபது எண்ணும் நேரம் இந்த இடங்களைத் தேய்த்து, ஓடும் நீரில் கழுவுங்கள். சமைக்குமுன், உண்ணுமுன், பிள்ளைக்கு ஊட்டுமுன், கழிவறை சென்று வந்தபின், குழந்தையின் துணி மாற்றியபின், குர்பானி இறைச்சியைக் கையாண்டபின் என்று இந்த வேளைகளைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

அடுத்த விருந்தில் கிண்டியும் படிக்கமும் வரும்போது, பக்கத்தில் ஒரு சோப்புக் குப்பியும் வரட்டும். விருந்தினருக்கு அது குறைவன்று. அவர்களுக்கு நாம் செய்யும் கண்ணியம். நம் இல்லங்களையும் பிள்ளைகளையும் நோயின்றிக் காத்து, உள்ளும் புறமும் தூய்மையுடன் வாழ வல்ல நாயன் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.